மழுக்காத விளிம்பு

என் சித்தி உடைந்த கண்ணாடிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, அவற்றின் வழியே விளக்கொளியைப் பாய்ச்சுகிறவள். சிற்பி என்று சொன்னால் உறவினர்கள் உளியைத் தேடுகிறார்கள். பல வருடம் வெளியே அலைந்துவிட்டு நான் திரும்பியபோது, அவள் இன்னும் ஓட்டை உடைசலோடுதான் மாரடிக்கிறாள் என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

அவளுடைய பட்டறை, மாமாவின் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மாமா அவளுக்கு அண்ணன். வெட்டிய விளிம்பை உரசாமல் அவர் கடையிலிருந்து ஒரு துண்டுகூடப் படியிறங்காது. யார் கையாவது கிழிந்தால் தொழிலுக்கே அவமானம் என்பார்.

புதிய மருத்துவமனை ஒன்றின் கூடத்துக்காகச் சித்தி நான்கு மாதம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கம்பி வாங்க அவள் வெளியூர் போன இரண்டு நாளில், தங்கைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மாமா எல்லா விளிம்புகளையும் இயந்திரத்தில் கொடுத்து மழுக்கிவிட்டார்.

திரும்பி வந்தவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் பட்டால்தான் ஒளி நிறம் நிறமாகப் பிரியும். உரசிய விளிம்பு வெளுத்து மங்கிவிடும். சுவரில் அழுக்குக் கறை மாதிரி ஏதோ விழுந்தது. மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

துண்டுகளை ஏற்றிப்போக வண்டியோடு வந்த மருத்துவமனை மேலாளருக்கோ ஒரே சந்தோஷம்.

"இதுதாம்மா பாதுகாப்பு. இப்படியே மாட்டிடுங்க. பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

கூராக இருந்தால் அனுமதி தரமாட்டேன் என்றார் அவர்.

"பதினஞ்சு அடி உயரத்துல தொங்கப்போகுது, கீழ வலை வேற. ஆஸ்பத்திரிக்கு யாரு சார் ஏணியோட வர்றாங்க?"

அப்படியானால் கூடம் காலியாகவே இருக்கட்டும் என்று அவர் முறுக்கிக்கொண்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சித்தி சாக்கை விரித்துச் சுத்தியலை எடுத்தாள். ஒவ்வொரு துண்டாக மறுபடி உடைத்தாள். மேலாளர் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியேறினார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமா எதிரே உட்கார்ந்தார்.

"முதல்ல கையுறையப் போடு கழுதை. நடுவுல தட்டாதே, பொடியாயிடும்."

மருத்துவமனை வெறும் கூடத்தோடு திறக்கப்பட்டது. தேறிய துண்டுகள் இப்போது மாமாவின் கடை முகப்பில் தொங்குகின்றன. தெருவில் போகிறவர்களின் சட்டையில் நிறங்கள் ஏறி இறங்குகின்றன. விளிம்பை உரசாமல் விட்டுவிட்டீர்களே என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால், மாமா முறைக்கிறார்.

"அது அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு என்ன அளவு வேணும், சொல்லுங்க."