பதுவைக்கு ஏழு நாள்

இதில் ஒரு நேரத்தைக்கூட நான் ஊகித்து எழுதவில்லை. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். அக்காவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு எத்தனை மணிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்குக் கஞ்சி என்று ஒரு சி.ஆர். கொப்பியில் குறித்து வைப்பது பழகிப்போய்விட்டது. நடந்தது எல்லாம் அந்தக் கொப்பியில் என் கையெழுத்தில் இருக்கிறது. நம்பாதவர்கள் குருநகருக்கு வந்து பார்க்கலாம்.

கொப்பியின் முன்பக்கம் றோஸ் அக்காவுடையது. அதைத் தலைகீழாகத் திருப்பினால் வருகிற பக்கம் என்னுடையது. அங்கே பதுவைக்கு ஏழு நாள் போய்வருகிற திட்டம் இருக்கிறது.

பதுவை, அந்தோனியார் அடங்கிய இத்தாலி நகரம். “பதுவைப் பதியரே” என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து மன்றாடிய ஊர். அங்கே போக முதலில் ஆசைப்பட்டவள் அக்காதான். அவள் ஆசிரியை. ஞாயிறுகளில் மறைக்கல்வியும் படிப்பித்தாள். அந்தோனியாரின் கல்லறையை முப்பது வருடங்களுக்குப் பிறகு திறந்தபோது உடம்பெல்லாம் மண்ணாகிக் கிடந்ததாம். நாக்கு மட்டும் அழியாமல், ஈரம் காயாமல் இருந்ததாம். அந்த நாக்கை இன்றும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இதை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அக்கா கேட்பாள்: “ஏன் அழியேல்லை? அந்த நாக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லை.”

நான் கடைசி வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு இருபத்தேழு வயதில் சுபாஸ் என்பவரைக் கலியாணம் பேசினார்கள். வங்கியில் வேலை. இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா அவரிடம் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: “அவளுக்கு எங்களை விட்டுப் போக விருப்பமில்லை. கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாள். கேளாதேங்கோ.” கடிதத்தை அன்றே அடுப்பில் வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்குக்கூடத் தெரியாது. அதன் பிறகும் இருபத்தொரு வருடம் ஒரே கோப்பையில் கறி எடுத்துச் சாப்பிட்டோம்.

ஏழு வருடங்களுக்கு முன்பு அக்கா குளியலறையில் விழுந்தாள். இடது கை மட்டும் மிஞ்சியது. பேச்சு போய்விட்டது. வைத்தியர் அதைச் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று ஆறியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த ஒழுங்கை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். “ம்...” மாலை ஆறரைக்கு நான் செபமாலை சொல்லுவேன். “அருள் நிறைந்த மரியே” என்று முதற்பாதி என்னுடையது. “அர்ச்சிஷ்ட மரியாயே” என்ற மறுபாதி அவளுடையது. அந்த இடம் வரும்போது நிறுத்திவிடுவேன். அவள் “ம்...” என்று முனகி முடியும்வரை காத்திருப்பேன். பிறகு மாலையின் அடுத்த மணி. ஏழு வருடம் அப்படித்தான்.

செத்துப்போன தம்பி யாகோப்பின் மகள் லவீனா பதுவைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான்கு வயதில் தாயோடு இத்தாலிக்குப் போனவள். போன வருடம் அவளே ரிக்கெற்றைப் போட்டு, அழைப்புக் கடிதமும் அனுப்பிவிட்டாள்.

“மாமி, விசாவுக்கு ஒவ்வொரு நாளும் எங்கை போறீங்கள், என்ன பாக்கிறீங்கள் எண்டு எழுதிக் குடுக்கோணும்.”

“ஏழு நாளுக்குமோ?”

“ஓம். எட்டாம் நாள் நீங்கள் எங்கையும் ஓடமாட்டியள் எண்டு அவங்கள் நம்போணுமே.”

“ஓடுறதுக்கு எனக்கென்ன பதினெட்டு வயசோ?”

“இஞ்சை தனியா இருக்கிற தாத்தாமார் கனபேர் மாமி. ஆருக்குத் தெரியும்.”

சிரித்தேன். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஏழு நாளும் அவளை யார் பார்ப்பது? கன்னியர் நடத்தும் இல்லமொன்றில் கேட்டேன். பஸ்ஸில் ஒரு மணித்தியால தூரம். சிஸ்ரர் ஜெயனி சம்மதித்தார். “முதல்லை ஒரு கிழமை விட்டுப் பாப்பம் ஜெனிற்றா. அவா உங்களை விட்டிட்டு இருப்பாவோ எண்டு தெரியோணும். நீங்கள் இருப்பீங்களோ எண்டும் தெரியோணும்.”

ஒக்ரோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை 10.20. இல்லத்துக் கட்டிலில் அக்காவைக் கிடத்தினேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஐந்தாவது விரல் சின்னவிரல். அதுதான் அதிகம் இறுகியிருந்தது.

வீட்டுக்கு வந்து நானே எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஏழு வருடத்தில் முதல் தேத்தண்ணி என்று சொன்னால் அது மிகையில்லை.

மாலை 6.30. கோயில் மணி அடித்தது. செபமாலையை எடுத்தேன். முதற்பாதியைச் சொல்லி, பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். மறுபாதிக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் கடைசிவரை நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். முடித்துவிட்டுத் திட்டத்தில் முதல் நாளை எழுதினேன். வெனிஸ் விமான நிலையம். பஸ். பதுவை. ஓய்வு.

செவ்வாய். பகலில் அக்காவின் கட்டில் விரிப்பைத் தோய்த்து, புதிது விரித்து, உள்ளறைக் கதவைச் சாத்தினேன். மாலை 6.38. செபமாலையின் இரண்டாவது பத்து. நிறுத்திய இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. காற்று என்று நினைத்தேன். முதற்பாதியைச் சொன்னேன். காற்று நின்றது. நிறுத்தினேன்... திரும்ப மூச்சு.

அன்றும் எழுதினேன். இரண்டாம் நாள். அந்தோனியார் கோயில். கல்லறைச் சலவைக்கல்லில் கை வைத்து மன்றாடலாம். நாக்கும் அதே கோயிலில்தான் இருக்கிறது, அன்றைக்கே பார்க்கலாம் என்று லவீனா சொல்லியிருந்தாள். நான் அதை நான்காம் நாளுக்குத் தள்ளி வைத்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

புதன். மதியம் 12.15க்குச் சிஸ்ரர் போன் எடுத்தார்.

“சாப்பிடுறா. நித்திரை கொள்ளுறா. ஆனால் அந்த ‘ம்’ சத்தம் குறைஞ்சுகொண்டு வருது. திங்கள் நல்லாக் கேட்டது. இண்டைக்குக் காதை வச்சுத்தான் கேக்கவேணும்.”

“பழகேல்லைப்போலை.”

“இருக்கும்.”

மாலை 6.36. நிறுத்தினேன்.

“ம்...”

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் கட்டில் கிடக்கிற பக்கம். நான் எழும்பவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த மணியைச் சொன்னேன். அதற்கும் வந்தது. மீதி எல்லா மணிக்கும் வந்தது. முடிந்ததும் கதவைத் திறந்தேன். கட்டில் வெறுமை. விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை.

தலையணை மட்டும் ஈரமாக இருந்தது. வாய் வைக்கிற இடத்தில்.

அன்று எழுதிய மூன்றாம் நாளின் எழுத்து கோணியிருக்கிறது. நீல விதானம் போட்ட சிறு ஆலயம். முன்கூட்டியே பதியவேண்டும். உள்ளே பதினைந்து நிமிடம்தான் விடுவார்கள்.

வியாழன்.

அன்றைக்கு அயலில் யார் வீட்டிலாவது போய் இருந்திருக்கலாம். போகவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த ஏழு நாளில் நான்காவது அது. அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பயத்தைவிட அந்த வீம்புதான் பெரிதாக இருந்தது.

6.30. மேசையில் கொப்பி. பக்கத்தில் கைத்தொலைபேசி. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

6.33. வியாழனுக்குரியதை அறிவித்தேன். “ஒளியின் மறைபொருள். முதலாவது...”

“வியாழக்கிழமை சந்தோஷ தேவ இரகசியம்.”

வகுப்பறைக் குரல்.

கடைசி வாங்குவரை கேட்கிற குரல். பிற்காலத்தில் சேர்த்த ஒளியின் மறைபொருளை அக்கா ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பழைய முறைதான் சரி என்று பங்குச் சுவாமியோடே சண்டை பிடித்தவள்.

என் வாய் தானாகச் சொன்னது. “அருள் நிறைந்த மரியே...”

நிறுத்தினேன்.

“அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே...”

தெளிவாக. குழறாமல். ஒவ்வொரு எழுத்தும்.

“...எங்கள் மரண நேரத்திலும்...”

கதவுக்குப் பின்னால் இல்லை.

கதவுக்கு இந்தப் பக்கம்.

எனக்குப் பின்னால்...

6.42. கதிரை விழுந்தது. வெறுங்காலோடு வீட்டு முன் ஒழுங்கைக்கு ஓடினேன். தெருவிளக்கின் கீழ் நின்றேன். கையில் செபமாலை மட்டும். யாரோ வலை ஏற்றிய சைக்கிளில் போனார்கள். “என்ன ரீச்சற்றை தங்கச்சி, கரண்ட் போயிட்டுதோ?” என்றார்கள். “ஓம்” என்றேன்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

யன்னலால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆனால் கதைக்கிற சத்தம் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. நிறுத்தி நிறுத்தி... யாருக்கோ பதில் சொல்வதுபோல்.

6.55. சத்தம் நின்றது.

7.10. உள்ளே போனேன். தொலைபேசியை எடுத்தேன். கை வைக்க முடியாத சூடு. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. கொப்பியில் நேரத்தைக் குறித்துவிட்டுக் கோயில் வாசலில் போய் இருந்தேன்.

வெள்ளி காலை 8.05. சிஸ்ரர் ஜெயனி எடுத்தார்.

“நேற்றுப் பின்னேரம் அக்காவுக்கு மூச்சு நிண்டிட்டுது ஜெனிற்றா. ஆறே முக்கால் இருக்கும். கை கால் எல்லாம் குளிர். தலைமாட்டிலை மெழுகுதிரி கொழுத்தி, சுவாமிக்கும் ஆள் அனுப்பியாச்சு. பிறகு ஏழு மணிக்குக் கிட்ட ஒரு இழுவை இழுத்துக் கண்ணைத் திறந்தா.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“எடுத்தனானே. 6.48க்கு வாட்ஸ்அப்பிலை எடுத்தனான். நீங்கள் வேறை ஆரோடையோ கதைச்சுக்கொண்டிருக்கிறீங்கள் எண்டு காட்டினது.”

நான் யாரோடும் கதைக்கவில்லை. நான் ஒழுங்கையில் நின்றேன்.

சனி பிற்பகல் 3.30. லவீனா எடுத்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“மாமி, சொல்லவேண்டாமெண்டு சொன்னவா. எனக்குத்தான் பொறுக்கேலாமல் போச்சு. றோஸ் மாமிக்குப் பேச்சு வந்திட்டுதெல்லே! அந்தோனியார் புதுமை செய்திட்டார்!”

“ஆர் சொன்னது?”

“அவாவேதான்! வியாழக்கிழமை உங்கடை போனிலை எடுத்தவா. இஞ்சை மூண்டேகால் இருக்கும். எனக்கு அவான்ரை குரல் ஞாபகமே இல்லை மாமி. என்ன வடிவான குரல்!”

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வியாழன், 6.44. இங்கிருந்து போன அழைப்பு. பதினொரு நிமிடம்.

“என்ன சொன்னவா?”

“முதல்லை அந்த நாக்கைத்தான் கேட்டவா. நீ பாத்தனியோ எண்டு. நான் ஓம் எண்டன். அது இன்னும் ஈரமாயிருக்குதோ எண்டு கேட்டவா. இல்லை மாமி, காஞ்சுபோய் கறுப்பாத்தான் இருக்கு எண்டன். பிறகு உங்கடை ரிக்கெற்றைக் கான்சல் பண்ணச் சொன்னவா. பண்ணிட்டன். அழைப்புக் கடிதத்தையும் திருப்பி எடுத்திட்டன்.”

“என்னை... என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை.”

“கேக்கத்தான் நினைச்சன் மாமி. அவாதான் சொன்னவா... ‘அவளுக்கு எங்களை விட்டுப் போக விருப்பமில்லை. கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாள். கேளாதை.’”

அந்தக் கடிதம் எரிந்தபோது லவீனா பிறந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை அக்காவைக் கூட்டிவந்தேன். இப்போது அந்த “ம்” கூட இல்லை. வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. வைத்தியருக்குக் காரணம் தெரியவில்லை. திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று லவீனா இன்னும் சொல்கிறாள். நான் விண்ணப்பிக்கவில்லை. அக்கா அன்று சுபாஸிடம் சொன்னது பொய். இருபத்தெட்டு வருடம் அதற்குள் இருந்துவிட்டேன். இப்போதும் அது பொய்தானா என்று கேட்டால், எனக்கு உடனே பதில் வருவதில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொப்பியில் நான்காம் நாளிலிருந்து வெறுமை. செபமாலையில் இன்னும் நிறுத்துகிறேன்.

ஒவ்வொரு நாள் காலையும் 6.10க்கு அவளுடைய வாயைத் திறந்து துணியால் துடைக்கிறேன். அதையும் குறித்து வைக்கிறேன். தண்ணீரைத் துளித்துளியாகத்தான் விடுகிறேன். உதடு வெடித்திருக்கிறது. தொண்டை காய்ந்திருக்கிறது.

நாக்கு மட்டும் ஈரமாக இருக்கிறது.