ஹாஜராவின் பன்னிரண்டாவது பெட்டி

கொல்லங்கோட்டு ஹாஜரா பீவி, 1987-இல் தம்பியின் ரேடியோ கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டர் செய்தவர். பன்னிரண்டு செய்தார், பதினொன்று விற்றது. எல்லாம் முதலமடை மாங்காய் மண்டிகளுக்குத்தான் போயின.

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடித் திரியும் ஒருவர் போன மாதம் கோயமுத்தூரிலிருந்து வந்தார். ஒரு மண்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஹாஜரா அவருக்குக் காட்டினார். அதன் தலையில் வைக்கோல் பரப்பி, ஆறு மாங்காய்களை அடுக்கியிருந்தார்கள். வந்தவர் பதறிப்போய் அவற்றை எடுக்கப் போனார்.

"ஏனுங்க, தொடாதீங்க! நாளைக்குப் பழுத்துருமுங்க!" என்று மண்டிக்காரர் ஓடி வந்தார்.

அப்போதுதான் ஹாஜரா விஷயத்தைச் சொன்னார். பெட்டி அப்படிச் சூடாவது அவருடைய பிழைதான். திருப்பிக் கொண்டுவந்து தலையில் போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தாராம். மண்டிக்காரர்களோ எனக்கொன்று, உனக்கொன்று என்று வந்து நின்றார்கள்.

"அப்பறம் ஏனுங்க தொழில விட்டீங்க?" என்று கேட்டார் வந்தவர்.

ஹாஜராவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ற தம்பி இருக்கானே, மகா புத்திசாலி! பன்னெண்டாவது பெட்டிக்கு ஃபேன் வெச்சுட்டானுங்க. சில்லுனு இருந்துச்சு. ஒருத்தனும் வாங்குல!"