கண்டாக்கையாவின் பெருவிரல்

1. தப்பான சொல்

இருபத்தாறு வருஷம் வண்டிகளோடு மல்லுக்கட்டிய ஒருவன் வாயிலிருந்து அவசரத்துக்குச் சரியான சொல் வரவேண்டும். எனக்கு வரவில்லை. 700 சி.சி. குவாட் பைக் ஒன்று ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரைச் சுமந்துகொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே "விடுங்க ஐயா, விடுங்க" என்று கத்தினேன். அவரும் விட்டார். நான் விடச் சொன்னது ஒன்று, அவர் விட்டது வேறொன்று.

வாகனக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த வண்டிக்கு எவ்வளவு பவர் என்பதுதான். அது வண்டியோடு வருகிற புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த ஆளுக்கு எவ்வளவு பவர் தாங்கும் என்பதற்குத்தான் புத்தகம் கிடையாது. ஆகவே என் மானம் போன கதையை நானே எழுதிவைக்கிறேன்.

2. இரண்டு வண்டி, ஒரு லொறி

நான் கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துக் கராஜில் ட்ராக்டர் பழுதுபார்த்துப் பழகி, பிறகு இரத்தினபுரியில் ரியாஸ் முதலாளியின் வாகனக் கடைக்கு வந்தேன். கராஜ்காரனை இந்தப் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு நான் பெரிய ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கடையில் குவாட் பைக்கும் வைத்திருந்தோம். நாலு தடித்த டயர், மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில், குதிரையில் உட்காருவது போல உட்கார வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் மாணிக்கக் கல் கிடைத்தவர்கள் வாங்குவார்கள், ஹோட்டல்காரர்கள் வாங்குவார்கள். வருகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது "இருக்கிறதுலயே பெருசு எது?" என்றுதான். செருப்பு வாங்கப் போனால் மட்டும் காலை அளந்து வாங்குவார்கள்.

அந்த வருஷம் நிவித்திகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மேல் கணக்குக்குப் போகிற பாதையில் மண் சரிந்துவிட்டது. கணக்கு என்றால் வரவு செலவு இல்லை, தோட்டத்தின் ஒரு பிரிவை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஜீப் போகாது, ட்ராக்டர் திரும்பாது, நடந்தால் ஏற இரண்டரை மணித்தியாலம். ஒரு குவாட் பைக் வாங்கலாம் என்று பெரிய தொரை, அதாவது தோட்ட மெனேஜர், முடிவு செய்திருந்தார். எது என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பைக் கண்டாக்கையாவிடம் விட்டிருந்தார். மலையில் வேலை வாங்குகிற ஃபீல்ட் ஒஃபிசரைத்தான் தோட்டத்தில் கண்டாக்கையா என்பார்கள்.

வண்டியை ஓட்டப்போவது இரண்டு பேர். ஒருவர் கண்டாக்கையா. மற்றவர் தோட்டத்து மிட்வைஃப், ராஜேஸ்வரி மிஸ்.

நான் ஒரு 300ஐயும் ஒரு 700ஐயும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த 700 கடையில் இரண்டு மழைக்காலம் பார்த்த வண்டி. அதை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

3. கன்றுக்குட்டி இல்லை

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் வண்டிகளை இறக்கினேன். காலைக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். முப்பது பெண்கள் கூடையும் சாக்குமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்டாக்கையா இரண்டு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். 300ஐப் பார்த்து, இது மிஸ்ஸுடைய பிள்ளைகள் விளையாடவா என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அவர் பையைத் தோளில் போட்டபடி மேல் கணக்குப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மாரியாயி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, பத்து நாளாகப் போய்ப் பிரஷர் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். வண்டி வராவிட்டால் நாளைக்கு நடந்தே ஏறப்போவதாகவும் சொன்னார்.

கண்டாக்கையா வாலிப வயதில் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டியதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் அவர் 700இல் ஏறிய விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் சைலன்சர் பக்கமாக ஏறப் பார்த்தார். ஏறியதும் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் துழாவினார். குவாட் பைக்கில் காலைத் தரைக்கு விட்டால் பின் டயர் வந்து காலிலேயே ஏறும். ஹேண்டிலை அவர் பிடித்த பிடியில் நரம்பு தெரிந்தது. இத்தனையும் பார்த்துவிட்டு என் வாய் சொன்னது இதுதான்: "ஐயாவுக்குன்னே செஞ்ச வண்டி மாதிரி இருக்கு."

இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது கிடையாது. வலது கைப் பெருவிரலுக்குக் கீழே ஒரு லீவர் இருக்கும், அதை அமுக்கினால் ஓடும், எடுத்தால் அடங்கும். பயந்தவன் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பான். இறுக்கினால் பெருவிரலும் சேர்ந்து அமுங்கும். வேகம் கூடும், பயம் கூடும், இன்னும் இறுக்குவான். இதற்காகவே ஒரு கயிறு உண்டு. ஒரு முனை எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். நான் கயிற்றை எடுத்ததும் கண்டாக்கையா பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னைய என்ன கன்னுக்குட்டின்னு நெனச்சீங்களா பாஸ், கட்டிப்போட?"

மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன். கயிற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

4. விட்டது

முதல் இருபது அடி நன்றாகப் போனார். ஒரு கையைத் தூக்கிப் பெண்களுக்குக் காட்டவும் செய்தார். வளைவு வந்ததும் கை திரும்ப ஹேண்டிலுக்கு வந்து இறுக்கியது. வண்டி உறுமிக்கொண்டு பாதையை விட்டுக் கானைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கியது. மலையில் வெட்டியிருக்கிற வடிகாலைத்தான் கான் என்பது. குவாட் பைக் கானைத் தாண்டும் என்று விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் விடச் சொன்னது லீவரை. ஆனால் நம் ஆட்களுக்கு வண்டி 'விடுவது' என்றால் ஓட்டுவது. சேற்றில் மாட்டிய கொழுந்து லொறியைப் பின்னால் நின்று தள்ளுகிறவர்கள் ட்ரைவருக்குச் சொல்வதும் அதே சொல்தான். கண்டாக்கையா முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டவர். "விடுங்க" என்று நான் கத்தக் கத்த அவர் நன்றாகவே விட்டார்.

கொஞ்ச தூரம் போய் வண்டியின் வயிறு ஒரு முற்றிய தேயிலைச் செடியில் குந்திக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் காற்றில் சுழன்றன. வண்டி அசையவில்லை. கண்டாக்கையா கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலை அமுக்கியபடியே, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்று அலறிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது மிஸ்தான். அவர் கத்தவில்லை. பக்கத்தில் நின்று, காதோடு சொன்னார்.

"ஐயா, வலது கைப் பெருவிரல். அத மட்டும் மேல தூக்குங்க."

விரல் எழும்பியது. எஞ்சின் அடங்கியது. மிஸ் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பயந்து போன ஆள்கிட்ட சும்மா விடு விடுன்னா எத விடுறது பாஸ்? எந்த உறுப்புன்னு சொல்லணும். நான் தெனம் சொல்ற வேல இது."

அவர் பிரசவ அறையில் கற்ற அந்தப் பாடத்தை ஒரு கராஜும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குள் பெண்கள் இறங்கிவந்து முறிந்த செடிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வாது, ஒரு கிளை முறிந்தாலும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டுகிறவர் கண்டாக்கையா. அன்றைக்கு இருபத்துமூன்று செடி. எண்ணிக்கையை அவர்கள் சத்தமாகவே சொன்னார்கள்.

5. பைத்தியம் பிடித்த வண்டி

சத்தம் கேட்டுப் பெரிய தொரை ஜீப்பில் வந்து இறங்கினார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கண்டாக்கையா தலையில் ஒட்டியிருந்த தேயிலையைத் தட்டிவிட்டு முந்திக்கொண்டார். வண்டிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, தானாக ஓடுகிறது, இந்த மாதிரி வண்டிகளே நம் தோட்டத்துக்கு ஆகாது என்றார். தொரை தேயிலையைப் பார்த்தார், மேலே குந்தியிருந்த வண்டியைப் பார்த்தார், அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப் பக்கம் திரும்பினார்.

மிஸ் பையின் வாரைச் சரிசெய்துகொண்டு பாதையைப் பார்த்தார். நடக்கத் தயாராகிவிட்டார் என்று புரிந்தது. கண்டாக்கையாவுக்கு ஓட்டத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொன்னால் நாளைக் காலைப் பெரட்டில் அவரால் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. சொல்லாமல் விட்டால் மேல் கணக்குக்கு வண்டி கிடையாது. நான் ஓடிப்போய் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு வண்டியிலயும் இல்லீங்க தொரை, ஐயாகிட்டயும் இல்லீங்க. பழகாத கைக்கு இவ்வளவு பவர் குடுக்கக் கூடாது. தெரிஞ்சும் குடுத்தேன். கயித்தையும் கட்டல."

சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டினேன். தொரை கயிற்றைப் பார்த்துவிட்டு, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தொடங்கினார்.

"ஹரி பாஸ். அப்ப எதக் குடுத்திருக்கணும்?"

நான் 300ஐக் காட்டினேன். பெருவிரல் லீவருக்குக் கீழே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகிவைத்தால் லீவர் பாதிக்கு மேல் இறங்காது. எவ்வளவு பயந்து இறுக்கினாலும் வண்டி ஓட்டமும் நடையுமாகத்தான் போகும். கை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். தொரை சரி என்றார். மிஸ் ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவர். மணிக்கட்டை அவரே நீட்டினார், கயிற்றைக் கட்டினேன். வளைவு வரைக்கும் போய் வரச் சொன்னேன்.

வளைவு வரைக்கும் போனார். திரும்பவில்லை.

6. மடுவத்து பெஞ்ச்

நானும் கண்டாக்கையாவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடுவத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேலே போன் எடுக்காது. முதலாளி எனக்கு மூன்று தரம் எடுத்து வண்டிகள் எங்கே என்று கேட்டார். ஒன்று தேயிலைக்கு மேல், இன்னொன்று மேல் கணக்குக்கு மேல் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

யாரோ பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்கள். கண்டாக்கையா பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுனேன்னு சொன்னத நம்புனீங்களா பாஸ்?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப ஏன் குடுத்தீங்க?"

"ஐயான்னு கூப்பிட்ட வாயால உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வரலீங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கும் அப்படித்தான். அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கிறப்ப தெரியாதுன்னு சொல்ல வரல" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம்.

மிஸ் வந்து இறங்கியபோது முழங்கால் வரைக்கும் சேறு. மாரியாயிக்குப் பிரஷர் கூடுதலாக இருந்ததாம். நாலு ஆட்களை வைத்து நாற்காலியில் தூக்கி இறக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். கீழே அம்புலன்ஸ் வரவேண்டும் என்று தொரைக்கு அறிவித்துவிட்டு, கயிற்றைக் கழற்றி என்னிடம் தந்தார். வண்டி எப்படி, பவர் போதுமா, ஸ்க்ரூவைத் தளர்த்தட்டுமா என்று நான் வியாபாரியாகக் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதீங்க பாஸ். வழி முழுக்க எனக்கு வண்டி ஞாபகமே வரல. பயப்படுறதுக்கு மேல எனக்கு வேற வேல இருக்கு."

அன்றைக்கு லொறியில் நான் 700ஐ மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.