லிஃப்ட் ஏன் விழுவதில்லை

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த அழைப்பு ஒரே அறைக்குத்தான் வந்து சேரும். ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு மேசைகள், இரண்டு திரைகள், தேய்ந்துபோன கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று. அந்த நாற்காலியில் மாலை நேர வேலைக்கு உட்கார்ந்திருந்தவளை அலுவலகத்தில் எல்லோரும் மூச்சக்கா என்றே கூப்பிட்டார்கள். யார் அழைத்தாலும் அவள் முதலில் சொல்வது, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பதுதான்.

அதற்கடுத்துச் சொல்ல வேண்டியவை ஓர் அட்டையில் அச்சாகி மேசைமேல் ஒட்டியிருந்தன. கதவைத் தள்ளாதீர்கள், குதிக்காதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார். அவள் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அட்டையை விட்டுவிட்டாள். அதைக் கேட்கக் கேட்க மாட்டிக்கொண்டவர்களின் மூச்சு இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. ஒருநாள் வேறு வழி தோன்றாமல், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள். ரத்தம் எடுக்கிற வேலை என்றாள் அந்தப் பெண். "நரம்பு கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" அவ்வளவுதான். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறவரை அந்தப் பெண் நரம்பைப் பற்றியே பேசினாள். அழுகை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றுமுதல் அதுவே மூச்சக்காவின் வழியாயிற்று. தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினால் மனுஷன் பயத்தை மறந்துவிடுகிறான். அப்படியே பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி, நாய்க்கு நகம் வெட்டும்போது எந்தக் காலில் தொடங்க வேண்டும், கல்யாண போட்டோவில் கண் மூடியவர்களின் கண்ணை எப்படித் திறப்பது என்று ஏகப்பட்டது அவள் காதில் விழுந்தது. எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. லிஃப்ட்டின் மேலே இருக்கும் இயந்திர அறையைக்கூடப் பார்த்ததில்லை. அவள் மனத்தில் ஊர் முழுக்கக் கிணறுகள் நிமிர்ந்து நின்றன. அவற்றுக்குள் மனிதர்கள் வெளிச்சமான சின்னப் பெட்டிகளில் மிதந்து ஏறினார்கள், இறங்கினார்கள். சில சமயம் ஒரு பெட்டி நடுவில் நின்று அவளைக் கூப்பிட்டது.

அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டினான். "ஊர்ல உள்ள அத்தனை பேர்கிட்டயும் பேசிட்டு வீட்டுக்கு வந்தா, எனக்கு மிச்சம் ஒரு 'ம்' தான்" என்று சிரிப்பான். அவன் நோயில் விழுந்து கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, யாரிடமும் பேசத் தெரிந்தவளுக்கு அவனிடம் பேச வார்த்தை வரவில்லை. கடைசியில் தன் வழக்கப்படியே கேட்டாள்.

"உங்க ரூட்டைச் சொல்லுங்களேன்."

அவன் டிப்போவிலிருந்து ஆரம்பித்தான். கண்ணாடிக் கடை நிறுத்தம், பள்ளிக்கூடம், இரண்டு வேகத்தடை, மேம்பாலத்துக்குக் கீழே எப்போதும் ஓடி வந்து ஏறும் குண்டு மனிதர். ஆற்றுப் பாலம் வந்ததும் குரல் தேய்ந்து தூங்கிப்போனான். அதற்கப்புறம் உள்ள நிறுத்தங்களை அவன் சொல்லவே இல்லை.

அவன் போன பிறகு வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மகனைப் பறிகொடுத்தவளும் கணவனைப் பறிகொடுத்தவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். வேலைக்குத் திரும்பிய வாரம் ஒரு பெண்மணி அழைத்தாள். கட்டடம் முழுக்க மின்சாரம் போயிருந்தது.

"இது விழுந்துடுமாம்மா?"

"விழாதுங்க."

"ஏன் விழாது?"

எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்த பதில் அது. ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவள் அட்டையைப் பார்த்து, "ஆள் வந்துகிட்டிருக்கார்" என்றாள். அந்தப் பெண்மணி வெளியே வந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

மறுநாள் மெக்கானிக்கைப் பிடித்தாள். சத்தமில்லாமல் எந்தத் துளைக்குள்ளும் ஏறிவிடுவதால் அவனுக்குப் பூனை என்று பெயர்.

"பூனை, லிஃப்ட் ஏன் விழறதில்ல?"

"விழுந்தா கம்ப்ளெய்ன்ட் வரும்ல மூச்சக்கா."

"விளையாடாதே. கரண்ட் போனா எது பிடிச்சு வச்சிருக்கு?"

"பிரேக்குதான். அது எப்படின்னா... அட, பிடிச்சுக்கும். எனக்குக் கழட்டி மாட்டத் தெரியும், ஏன்னு கேட்டா எங்க போறது? காலேஜுக்குப் போ."

கேலியாகத்தான் சொன்னான். அவள் மனத்தில் அது வேறு மாதிரி விழுந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வேலை பார்ப்பவர்களுக்கென்று காலை வகுப்பில் மின்னியந்திரப் பொறியியல் படிப்பு இருந்தது. அதில் சேர ஒரு கணக்குப் பரீட்சை, பிறகு ஒரு நேர்முகத் தேர்வு. அவள் கல்லூரியில் வரலாறு படித்தவள். கணக்கைக் கண்டு ஓடித்தான் வரலாற்றில் ஒளிந்திருந்தாள்.

"பட்டம் வாங்கி யார் முன்னாடி ஆடப் போறே?" என்றாள் மாமியார்.

"ஒரு விஷயம் தெரியணும் அத்தை."

"ஒரு விஷயம் தெரியறதுக்கு நாலு வருஷமா? எங்கிட்ட கேட்டா நாலு வார்த்தையில சொல்லுவேன்."

"சரி, லிஃப்ட் ஏன் விழறதில்ல, சொல்லுங்க."

மாமியார் கொஞ்சம் யோசித்தாள். "போய்ப் படி" என்றாள்.

கணக்கு அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது. திரைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்து அழைப்புகளுக்கு நடுவே படித்தாள். இன்டக்ரேஷன் என்கிற தொகையிடல் அத்தியாயம் மட்டும் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மாணவி மாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற குரல்.

"நீ என்ன படிக்கறே பாப்பா?"

"கணக்கு."

மூச்சக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "தொகையிடல் தெரியுமா?"

"...தெரியும்."

"பகுதி பகுதியா பிரிச்சுப் போடறது எனக்குப் புரியவே மாட்டேங்குது. எதை முதல்ல எடுக்கணும்?"

ஒரு மூக்குறிஞ்சல். பிறகு, "எது வகையிட்டா சின்னதாகுதோ அதை எடுங்க" என்றாள் அந்தப் பெண். பேசப் பேசக் குரல் நிமிர்ந்தது. "இல்ல, அது இல்ல. குறி மாறும். நீங்க எழுதறீங்களா இல்லையா?" என்று அதட்டினாள். இவள் எழுதினாள். பூனை போய்க் கதவைத் திறந்தான். அவன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: "வாம்மா வெளியே."

"இருங்க அண்ணே, இன்னும் ஒரு வரிதான் இருக்கு."

"ஒரு வரியா? ஏறி வந்த படியெல்லாம் எனக்குக் கால்ல இருக்கு!"

அந்தப் பரீட்சையில் அவள் தேறினாள். தொகையிடலில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்தபோது, எங்கோ ஓர் இருண்ட கிணற்றின் நடுவிலிருந்து ஒரு சின்னப் பெண் அதட்டுவது போல இருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் போன காலையில் பல்கலைக்கழகம் பனிமூட்டத்தில் மிதந்தது. கண்ணாடிக் கட்டடங்களின் மேல்மாடிகள் தெரியவில்லை. உள்ளே லிஃப்ட்டுகள் விளக்கெரிய ஏறி, மூட்டத்துக்குள் கரைந்தன. அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டாள். அவள் மனத்திலிருந்த ஊரை யாரோ அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தேர்வு தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில். ஒரு பேராசிரியர், வழுக்கைத் தலை, கறாரான முகம். பக்கத்தில் ஒரு பேராசிரியை, கையில் பேனா. "உட்காருங்க" என்றார் அவர். அவள் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. "ஜெனரேட்டர் வந்துடும்" என்றது பேராசிரியையின் குரல். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சக்காவின் காதுக்கு ஒரு சத்தம் கேட்டது. எதிரே இருந்தவரின் மூச்சு. பாதியில் நின்று, அவசரமாகத் தொடங்கி, மறுபடி பாதியில் நிற்கிற மூச்சு. அந்த மூச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். தான் எங்கே இருக்கிறோம், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. காதில் ஹெட்போன் இல்லாததுதான் குறை.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க, நான் இங்கதான் இருக்கேன். எழுந்திருக்காதீங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நான்... பேராசிரியர்."

"அது சரி. அதுல என்ன பண்றீங்க?"

"அதிர்வு. சுத்தற இயந்திரங்கள் ஏன் ஆடுதுன்னு."

"எங்க வீட்டுத் துணி துவைக்கிற மெஷின் ஆடறதோட நிக்காது சார், நடக்கும். கடைசிச் சுத்துல கதவு வரைக்கும் வந்துடும். எங்க அத்தை அதைத் திரும்பத் தள்ளிட்டுப் போவாங்க."

"அடியில ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அட்டை. சத்தம் வரக் கூடாதுன்னு அத்தை மடிச்சு வச்சிருக்காங்க."

"அட்டையா!" அவர் குரலில் உயிர் வந்துவிட்டது. "அதை முதல்ல எடுங்க. நாலு காலும் தரையில அழுத்தமா நிக்கணும். மெத்து மெத்துன்னு இருந்தா அது தாளம் போட ஆரம்பிச்சுடும்..." அங்கிருந்து அவர் எங்கெங்கோ போனார். சமநிலை, எடை, சுற்றும் பொருளின் நடுப்புள்ளி. அவள் நடுநடுவே கேட்டாள். அவர் இருட்டில் கைகளை ஆட்டிப் பேசுவதன் காற்று அவள் முகத்தில் பட்டது.

விளக்கு வந்தபோது வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்திருந்தது. பேராசிரியையின் தாள் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் மூச்சக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. தேர்வுக்கு வந்தவள், தேர்வாளருக்கே தேர்வு வைத்துவிட்டுப் புறப்படுகிறாள்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றாள். "என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல அத்தை. மெஷினுக்கு அடியில அட்டை வைக்கக் கூடாதாம்."

"அதைச் சொல்லவா அவ்ளோ தூரம் கூப்பிட்டாங்க?"

அவள் குளியலறைக்குப் போய் அட்டையை உருவி எறிந்தாள். இயந்திரம் அன்று நகராமல் துவைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகன் போன பிறகு அவள் மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். "கிடைக்கலைன்னா கிடைக்கல. மெஷினாவது நின்னுச்சே" என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியை போன் பண்ணினாள். "உங்களுக்கு மார்க் போட எங்க கையில எதுவுமே இல்லைம்மா. இன்னொரு தடவை வாங்க. இந்தத் தடவை நாங்க கேக்கறோம், நீங்க சொல்லுங்க."

இரண்டாவது முறை ஜன்னலுள்ள அறை. கரும்பலகையில் ஒரு தொகையிடல் கணக்குக் கொடுத்தார்கள். எது சின்னதாகுமோ அதை எடுத்து, குறி மாற்றி, போட்டு முடித்தாள். பிறகு பேராசிரியர் கேட்டார்: "கரண்ட் போனா லிஃப்ட் ஏன் விழறதில்ல?"

உலகத்தில் இத்தனை கேள்விகள் இருக்க, அதையே. விண்ணப்பத்தில் அவள் வேலையைப் பார்த்துக் கேட்டிருப்பார். அவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"பிரேக் பிடிக்கும்னு தெரியும் சார். கரண்டே இல்லாம எது பிடிக்குது, எப்படிப் பிடிக்குதுன்னு தெரியாது. விழாதுன்னு மட்டும் ரொம்பப் பேருக்குச் சொல்லியிருக்கேன். தெரியாம சொல்லிட்டிருக்கோமேன்னுதான் அப்ளை பண்ணினேன்."

பேராசிரியை எழுதினாள். என்ன எழுதினாள் என்பது மூச்சக்காவுக்குத் தெரியாது. இடம் கிடைத்தது.

காலையில் வகுப்பு, மதியம் வீட்டில் சாப்பாடு, மாலையில் அந்த ஜன்னல் இல்லாத அறை. பேருந்தில் போகும்போது ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாள். கணவன் சொல்லாமல் விட்ட நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விறகுக் கிடங்கு, நீச்சல்குளம், இரட்டைப் பெட்ரோல் பங்க். கடைசி நிறுத்தம் பல்கலைக்கழக வாசல். அவன் ஒருநாளும் இதைச் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம், தான் 'ம்' போட்டிருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் லிஃப்ட்டின் இயந்திரத்தை அவள் முதன்முதலாகப் பார்த்த நாளும் வந்தது. மோட்டாரின் தண்டில் ஓர் உருளை. இருபுறமும் இரண்டு கட்டைகள், பின்னால் தடித்த சுருள்வில்கள். பேராசிரியர் எல்லோரையும் கிட்டே அழைத்து மின்சாரத்தை நிறுத்தினார். டக். கட்டைகள் உருளையைக் கவ்விக்கொண்டன. பூனை இயந்திர அறையிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் பின்னால் கேட்ட சத்தம். யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்" என்றாள். அவர் பண்ணினார். அதற்குப் பிறகும் அவள் கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் மறுபடியும் பண்ணினார்.

மதியம் மாமியார் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நாளாக அது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. "இன்னைக்கு என்ன படிச்சே, சொல்லு."

"ஏன் விழலைன்னு படிச்சேன் அத்தை. பிரேக்கைப் பிடிச்சிருக்கறது கரண்ட் இல்ல, ஸ்பிரிங். அது எப்பவும் பிடிக்கத்தான் பாக்கும். கரண்ட் ஓடறப்போ அதுதான் ஸ்பிரிங்கை விலக்கி வச்சிருக்கும். கரண்ட் போச்சுன்னா உடனே இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"அப்போ கரண்ட் எதுக்கு?"

"விடறதுக்கு அத்தை. மேல கீழ போகணும்னா விடணும்ல."

மாமியார் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இயந்திரம் குளியலறையில் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. "போனாத்தான் பிடிக்குமா" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். பிறகு மருமகளுக்கு எதிரே தனக்கும் ஒரு தட்டை வைத்து உட்கார்ந்தாள்.

அன்று மாலை முதல் அழைப்பு ஒரு வயதான மனிதருடையது. ஏதோ ஒரு கட்டடம், ஏதோ ஒரு மாடிக்கு நடுவில், மின்சாரம் இல்லை.

"விழுந்துடுமாம்மா?"

"விழாது சார்" என்றாள் மூச்சக்கா. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஏன்னு நான் சொல்லட்டுமா?"