மஞ்சள் மாத்திரை

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐப்பசி பிறந்தால் வீட்டுக்கு இரண்டு பேராவது குளிர்காய்ச்சலில் கிடப்பார்கள். எனக்கு எட்டு வயதானபோது மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்து ஊர்ச்சாவடியில் மேசை போட்டார். காய்ச்சல் கண்டவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கொய்னா மருந்து, மீதிப் பேருக்குப் புதிதாக வந்த மஞ்சள் மாத்திரை. எது காய்ச்சலை நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மாத்திரையைக் கம்பவுண்டர் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியதும் பெரிய நோட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்.

முதலில் மேலத்தெருக்காரர்கள் மஞ்சள் மாத்திரையைத் தின்றார்கள். சில நாளில் தோலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பெரியவர்கள் காமாலையோ என்று பயந்து கீழாநெல்லி அரைத்தார்கள். என் அத்தை மட்டும் வேறு மாதிரி யோசித்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. பதினாறு வயது, நல்ல கருப்பு. நிறத்தைச் சொல்லியே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் கீழக்குயில்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அந்த வருஷம் எனக்கும் அவளுக்கும் காய்ச்சல். இருவருக்கும் வாய்த்தது மஞ்சள் மாத்திரை. முதல் நாளே என்னைத் தொழுவத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஏத்தா, ஒன் மாத்திரைய முழுங்காம கன்னத்துல ஒதுக்கிக் கொண்டாந்து எனக்குக் குடு. கருப்பட்டி தாரேன். யார்ட்டயும் சொல்லிப்புடாத."

கசப்பு போய்க் கருப்பட்டி வந்தால் எந்தப் பிள்ளை வேண்டாமென்னும்? தினமும் அவளுக்கு மூன்று வேளை, எனக்கு மூன்று வேளை. ஆறும் அவள் வயிற்றுக்கே போயின.

அவள் ஆசைப்பட்டபடியே மஞ்சளானாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, வெற்றிலைத் தட்டோடு வந்தவள் அதை நீட்டாமல் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே வெற்றிலையை மென்றுகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை. வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். பேய் என்றார்கள் சிலர். அப்பா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார்.

"நாங்க குடுத்ததுக்கு மேல ஏதாவது தின்னாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்கய்யா. ஒங்க ஆளு முன்னாலதேன் முழுங்குச்சு. ஒண்ணுகூட மேல திங்கல," என்றார் அப்பா.

டாக்டர், கூடத்தில் நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அப்பாவின் கைக்குப் பயந்து நான் வாயைத் திறக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் அத்தை தெளிந்தாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. கீழக்குயில்குடிக்காரர்கள் திரும்ப வரவில்லை. எனக்குக் காய்ச்சல் மறுபடி வந்தது. டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார். அத்தோடு மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கொய்னாவே கொடுக்கச் சொல்லிப் புறப்பட்டுப் போனார். அடி விழாமல் தப்பித்தோமே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நோட்டில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அத்தையின் பெயருக்கு நேரே, குறித்த அளவிலேயே புத்தி பேதலித்தது என்று எழுதியிருப்பார். என் பெயருக்கு நேரே, முழுவதும் தின்றும் காய்ச்சல் நிற்கவில்லை என்று. இரண்டும் பொய், அந்த மனிதர் அறியாத பொய். அதை நம்பி எந்தெந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை கிடைக்காமல் போயிற்றோ, எனக்குத் தெரியாது.