பசறையில் லண்டன் ரொட்டி

"தேத்தண்ணி குடிக்கிறியளோ, அல்லாட்டி முதல்ல கை கழுவப் போறியளோ?"

ஜெயந்தினி இப்படிக் கேட்டதும், கதிர்காமம் போய்த் திரும்பும் வேனிலிருந்து இறங்கிய யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது.

"பிள்ளை எங்கட பக்கம் போல. எவடம்?"

"ஈஸ்ட்ஹாம்," என்கிறாள் ஜெயந்தினி, சிரிக்காமல்.

அடுத்து பஸ் சாரதியோடு சிங்களம். அதற்கடுத்து, சந்தைக்கு வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம், "ஏன் புள்ள, நேத்து காலையில பேர் பதியுற பெரட்டுக்கு வரலேன்னு கங்காணி தேடுனாராமே?" என்று தன் சொந்தத் தமிழ். பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, நான்கு மேசை போட்ட கடை. வருகிறவர் வாயைத் திறந்தால் போதும், அவருடைய பேச்சிலேயே அவருக்குப் பதில் கிடைக்கும். இந்த வித்தையை அவள் பழகியது லண்டனில்.

கொழும்பில் அவள் பிள்ளை பார்க்கும் வேலை செய்த வீட்டார் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவளையும் கூட்டிப் போனார்கள். பிள்ளை வளர்ந்ததும், ஈஸ்ட்ஹாமில் சிவபாதம் என்ற யாழ்ப்பாணத்தவரின் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்தாள். நல்ல மனிதர்தான். காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுப்பார். ஆனால் பதுளைப் பக்கம் என்று சொன்னால் மட்டும், "தோட்டமோ?" என்று குரலைத் தாழ்த்துவார், வீட்டில் யாருக்கோ தீராத நோய் என்று கேள்விப்பட்டவர்போல. கல்யாணச் சாப்பாட்டு ஓடர் கொடுக்க வருகிறவர்கள் அவளுடைய பேச்சைக் கேட்டுவிட்டு விசாரித்தால், "இந்தியாப் பிள்ளை" என்று முடித்துவிடுவார். பக்கத்துக் கடை மதுரைக்காரர்களோ அவளைச் சிலோன்காரி என்றார்கள்.

காலையில் கடை திறக்குமுன் அவள் தனக்கென்று மாவில் துருவிய தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து ஒரு ரொட்டி சுடுவாள். ஒருநாள் இரவு வேலை முடிந்து போன கானா நாட்டுத் தாதி ஒருத்தி, வாசனை பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மறுநாள் இன்னும் இரண்டு தாதிகளைக் கூட்டி வந்தாள். அந்த வாரமே ஒரு பஞ்சாபி பஸ் சாரதி, கட்டட வேலைக்குப் போகும் ருமேனியர்கள் என்று கூட்டம் சேர, சிவபாதம் பலகையில் எழுதிவிட்டார்: யாழ்ப்பாண ரொட்டி.

"அண்ணே, இது யாழ்ப்பாணத்து ரொட்டி இல்லீங்களே. எங்க தோட்டத்து லய வீட்டுல சுடுறது."

"பிள்ளை, உம்மட ஊரை இஞ்சை ஆருக்குத் தெரியும்? பேர் எடுபட வேணுமல்லோ."

ஜெயந்தினி பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டி போனால் போகட்டும். இருக்கும் ஒரே ஊரையும் அல்லவா எடுத்துவிட்டார்! மறுநாளிலிருந்து பொட்டலம் கொடுக்கும்போதெல்லாம், வாங்குகிறவரின் கண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதுகிறபடி தன் ஊர்ப் பெயரை, "பசறா" என்றாள். ரொட்டியின் பெயர் அதுதான் என்று அவர்களும் நம்பிவிட்டார்கள். அவர்கள் வாயில் அது "பஸ்ஸாரா" ஆனது.

அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் சிவபாதம் கல்லாவில் நின்றார். தாதி ஒருத்தி வந்து, "பஸ்ஸாரா" என்றாள். பஸ் தரிப்பிடம் எங்கே என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, வாசல்வரை வந்து கை காட்டி அனுப்பினார். அடுத்தவரையும் அனுப்பினார். பஞ்சாபி சாரதியே வந்து "பஸ்ஸாரா" என்றபோதுதான் மனிதர் குழம்பிப்போனார். ஜெயந்தினி திரும்பி வந்தபோது, பஸ் தரிப்பிடத்தில் அவளுடைய வாடிக்கையாளர்கள் பசியோடு நின்றிருந்தார்கள்.

அது தன் ஊர்ப் பெயர் என்று அவள் சொன்னதும், அன்று மத்தியானம் அவரே ஏணி வைத்து ஏறிப் பலகையை மாற்றினார். பசறை ரொட்டி. ஜெயந்தினி உள்ளே போய், பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்சம் அழுதாள் என்றும் சொல்லலாம்.

விசா முடிந்து ஊர் திரும்பிக் கடை போட்டபோது வேறு சிக்கல். தேங்காய் ரொட்டி என்று எழுதி வைத்தாள். ஒரு குருவிகூட வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து இராமையா வாசலில் நின்றே சொன்னார்: "ஏம்மா, இதத்தானே வீட்டுல தின்னுட்டு வாறோம். இதுக்கு ஒரு கடையா?"

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பலகையைத் துடைத்து, லண்டன் ரொட்டி என்று எழுதினாள். மாவு அதே மாவு, கை அதே கை. இப்போது இராமையாவுக்குத் தினமும் இரண்டு வேண்டும். "நம்ம வீட்டு ரொட்டியில இந்த வாசம் வராதுங்க," என்று பக்கத்து மேசைக்கும் எடுத்துச் சொல்வார். "சீமைப் பக்குவம்."

போன மாதம் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். சிவபாதம்.

"வாங்க அண்ணே," என்றாள். ஒரு ரொட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

இராமையா சும்மா இருப்பாரா? "ஐயா லண்டன்ங்களா? இந்த ரொட்டி அங்க எப்படிங்க?"

நான்கு மேசையும் திரும்பிப் பார்த்தன. இது உங்கட லயத்து ரொட்டிதானே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த பஸ்ஸிலேயே அது பதுளை வரை போய்விடும். கல்லில் கிடந்த ரொட்டி கருகத் தொடங்கியது. ஜெயந்தினி திருப்பவில்லை.

"இதுவோ?" என்றார் சிவபாதம். "ஆஸ்பத்திரிச் சனம் விடியவே வந்து வரிசையில நிண்டெல்லோ வாங்கினது."

"நான் சொல்லல?" என்று இராமையா மேசையைத் தட்டினார்.

கூட்டம் கலகலப்பானதும் சிவபாதம் அவள் பக்கம் குனிந்தார். "நான் பேர் மாத்தினதெண்டு கோவிச்சனீர். நீர் என்னை விடப் பெரிய கள்ளி, பிள்ளை."

"உங்க கடையில பழகுனதுதாங்க அண்ணே."

சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, அவருடைய தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.