அவள் நோட்டில் இருந்த எண்கள்

மாசி மாத வெயிலில், யாரும் கேட்டுக்கொள்ளாமல், தானே ஆசைப்பட்டு மலையேறுகிற ஒருத்தியை எப்படி நம்புவது? அவள் ஜெர்மனியிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க எங்கள் வேலூர் கல்லூரிக்கு வந்திருந்தாள். விடுதியில் என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்ததால் அவளை என் தலையில் கட்டினார்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை அவள் சாதாரணப் பெண்தான். சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்று மூக்கை உறிஞ்சுவாள், மதிய வகுப்பில் தூங்கி வழிவாள். சனிக்கிழமை விடிந்தால் வேறு ஆள். காலில் பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர், பையில் ஒரு கறுப்பு நோட்டு. துணைக்கு நான். அமிர்திக் காட்டுக்குப் போனோம். ஜவ்வாது மலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கெங்கோ நடந்தோம். பறவை பார்க்கிறேன் என்பாள். குருவி பார்க்க ஒருத்தி ஜெர்மனியிலிருந்து வருவாளாம், நான் நம்ப வேண்டுமாம். என் ரப்பர் செருப்பு இரண்டாவது வாரமே அறுந்துபோனது. எங்கள் ஊர் ஆம்பூரில் தைக்கிற நல்ல ஷூ எல்லாம் அவள் ஊருக்குத்தான் போகிறது.

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் இரண்டே வகை. தோல் வாங்க வருகிறவர்கள், அவர்களுக்காகக் கம்பெனியைச் சோதனை போட வருகிறவர்கள். சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நாங்கள் பார்த்ததில்லை. அப்பா டேனரியில், தோலைச் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் போட்டுச் சுற்றும் டிரம் பக்கம் வேலை செய்கிறார். நான் ஆறாவது படிக்கும்போது அவருடைய பழைய கம்பெனிக்கு யாரோ இரண்டு பேர் வந்து கழிவுத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்பா ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது கூட யார் முகத்தையும் பார்க்கமாட்டார். இப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. இந்த வேலையும் போனால் அவரை வேறு எவனும் கூப்பிடமாட்டான். அவளைப் பார்த்து நான் பயந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு சனிக்கிழமை ஏலகிரி ஏறுவதற்காக காட்பாடியில் ஜோலார்பேட்டை ரயிலைப் பிடித்தோம். ஆம்பூர் தாண்டும்போது அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "அந்தச் சதுரமான குட்டைகள் என்ன?" என்றாள். டேனரித் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற குட்டைகள். பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்தில்தான் வளர்ந்திருக்கிறேன். "தெரியாது" என்றேன்.

"உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?"

"மளிகைக்கடை."

வாய் கூசவில்லை. அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். அன்று ஏலகிரிப் பாதை முழுக்க அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினேன். மலை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் மலை வேண்டாம், அந்தக் குட்டைக்குப் போகலாம் என்றாள். நான் ஆடிப்போய்விட்டேன். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன், பரவாயில்லை, தனியாகப் போகிறேன் என்றாள். தனியாக விடுவதா? கூடவே போனேன். வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று உதட்டை அசைத்து எண்ணினாள், எழுதினாள். பாலாற்றுப் பாலத்தடியிலும் அதே கதை. விடுதிக்குத் திரும்பி அவள் குளிக்கப் போனதும் நோட்டைத் திறந்தேன். ஆம்பூர், குட்டை, 7.40, 23. பாலாறு, 9.15, 6. பக்கத்தில் ஏதோ சுருக்க எழுத்துகள். டேனரிக் கழிவைத்தான் கணக்கெடுக்கிறாள் என்று முடிவு பண்ணினேன். குழாய் நிற்கும் சத்தம் கேட்டு நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஊட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா. நம்ம கையால சாப்ட்டுட்டாங்கன்னா தப்பா எழுத மாட்டாங்க" என்றார். சோதனைக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனியில் பிரியாணி போடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

அந்தச் சோதனைக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒரு தாள் கொடுப்பார். அவர்கள் கேட்கப்போகும் கேள்வி, தொழிலாளிகள் சொல்ல வேண்டிய பதில். ஒன்பதாவது படித்த காலத்திலிருந்து அப்பாவுக்கு அதை மனப்பாடம் பண்ணவைப்பது நான்தான். எய்ட் அவர்ஸ் ஒன்லி மேடம். கிளவுஸ் கிவன், மாஸ்க் கிவன். நோ ப்ராப்ளம். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் முட்டியில் தட்டுவேன், அவர் சிரித்துக்கொண்டே மறுபடி சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா விறைப்பாக எழுந்து நின்றார். "ஹவ் ஆர் யூ?" என்று அவள் கை நீட்டினாள்.

"எய்ட் அவர்ஸ் ஒன்லி மேடம்" என்றார் அப்பா. "கிளவுஸ் கிவன். மாஸ்க் கிவன்."

அவள் என்னைப் பார்த்தாள். மளிகைக்கடை அந்த இடத்திலேயே மூடப்பட்டது. நான் சட்டென்று அம்மாவைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவளே நோட்டை எடுத்து அப்பா முன்னால் விரித்தாள். கடைசிப் பக்கங்கள் முழுக்கப் பறவைப் படங்கள். சிவப்பு நிறத்தில் நீளக் கால், கறுப்பு இறக்கை. இதுதான் குட்டையில் இருபத்து மூன்று இருந்தது என்றாள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க கம்பெனி பின்னாடி தெனமும் வரும்மா. இருவத்தி மூணா? கம்மியா சொல்றாங்க. காலீல ஷிப்டுக்குப் போம்போது பாரு, நாப்பது நிக்கும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. அப்பாவின் வேலை பத்திரம்.

அவள் கண்கள் விரிந்தன. பைனாகுலரைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்து, நடுவில் இருக்கும் உருளையைத் திருப்பினால் தெளிவாகும் என்று காட்டினாள். அப்பா ஆசையாக வாங்கி, வாசலுக்குப் போய், எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். உருளை நகரவில்லை. விரல்கள் அதன்மேல் வழுக்கின. வெடித்துக் காய்ந்துபோன விரல்கள் மடங்க மறுத்தன. இரண்டு கையாலும் முயன்றார். பிறகு, "நல்லா தெரியுதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அவருக்குக் கை வலிக்கிறதா, கேளேன்" என்றாள் அவள் என்னிடம் மெதுவாக.

அவள் பார்வை தன் கையில் இருப்பதை அப்பா கவனித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி விறைப்பாக நின்றார். "நோ ப்ராப்ளம் மேடம். கிளவுஸ் கிவன்."

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக நான் அவளைப் பார்த்த அதே பார்வை.

அவளை ஆட்டோ ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அம்மா கேட்டதால் அன்றிரவு வீட்டில் தங்கிக்கொண்டேன். உள்ளே வந்ததும் அப்பா, "கரெக்டா சொன்னனா?" என்றார்.

"சொன்னீங்கப்பா." கொஞ்சம் பொறுத்து, "கை வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"இன்னா வலி? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். "கிளவுஸ் குடுத்துட்டாங்க. மாஸ்க் குடுத்துட்டாங்க. ஒரு ப்ராப்ளமும் இல்ல."

நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னார்.